சமூக ஊடகங்களில் விளம்பரமும் மக்கள் தொடர்பும்

நாளிதழிலும் வானொலியிலும் மட்டும் விளம்பரம் செய்த காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. விற்பனைக்கான பேச்சு ஒன்றின் வழியாக வெளியே போனது. வாடிக்கையாளரின் குறை கடிதமாகவோ தொலைபேசி அழைப்பாகவோ மற்றொன்றின் வழியாக உள்ளே வந்தது. வாங்க வருகிறவர் இன்னொருவரின் புகாரைப் படிக்க வழியே இல்லை. சமூக ஊடகத்தில் புகார், விளம்பரத்துக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. தீபாவளிப் புடவைப் படத்தின் கீழ் "போன மாசம் வாங்கினது, ஒரே துவைப்புல சாயம் போயிடுச்சு" என்று ஒருவர் எழுதினால், படத்தைப் பார்க்கிறவர்கள் அதையும் படிக்கிறார்கள். கடை என்ன பதில் சொல்கிறது, அல்லது சொல்லாமல் இருக்கிறது என்பதையும் கவனிக்கிறார்கள். சந்தைப்படுத்தல் ஒரு மேசை, மக்கள் தொடர்பு வேறொரு மேசை என்று பிரித்து வைத்த வேலைகள் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லாமே இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறப்பவைதான்.

யாரிடம், எதற்காக

பெரும்பாலான சிறு நிறுவனங்களின் சமூக ஊடக வாழ்க்கை ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. "நமக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் வேண்டும்" என்று முதலாளி சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் திறந்து கொடுக்கிறான். மூன்று மாதம் பண்டிகை வாழ்த்துகள் வருகின்றன. பிறகு பக்கம் தூங்கிவிடுகிறது. பக்கம் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவே இல்லை: யாருடைய எந்தச் செயல் மாற வேண்டும்?

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். புதிய மாவட்டங்களில் முகவர்கள் கிடைக்க வேண்டும் என்பது அதன் தேவையாக இருக்கலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் பெல்ட் மாற்றுவதற்கும் கல் கழற்றிக் கழுவுவதற்கும் சர்வீஸ் மையத்தை அழைப்பது குறைய வேண்டும் என்பதாகவும் இருக்கலாம். முதலாவதற்குக் கடைக்காரர்களின் கண்ணில் படும் பதிவுகள் வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு நிமிடச் செய்முறை வீடியோக்கள் போதும். இரண்டுக்கும் ஒரே பதிவு உதவாது. "ஆறு மாதத்தில் 10,000 பின்தொடர்வோர்" என்பது இலக்கு ஆகாது. "மாதம் 30 முகவர் விசாரணைகள்" என்பது இலக்கு, ஏனென்றால் அது கைபேசித் திரைக்கு வெளியே நடப்பது.

மக்கள் தொடர்பின் இலக்கை இப்படி எண்ணில் அடக்குவது கடினம். ஆனாலும் யாருடைய நம்பிக்கை வேண்டும் என்று பெயர் சொல்ல முடியும். ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகள் மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள், செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், உள்ளூர் நிருபர்கள், சுகாதாரத் துறை அலுவலர்கள் எல்லாருமே பார்வையாளர்கள். இவர்களில் பலர் எதையும் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல் வரும்போது அந்த மருத்துவமனையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை இவர்களே தீர்மானிப்பார்கள்.

எந்தத் தளம்

எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டும் என்பது தளங்களை நடத்தும் நிறுவனங்களுக்கு லாபமான அறிவுரை. இரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு ஒன்றரைத் தளம் போதும்: ஒன்றில் முழுக் கவனம், மற்றொன்றில் முகவரியும் நேரமும் சரியாக இருக்கும் அளவுக்கு.

ஏற்கெனவே வாங்கியவரைத் திரும்ப வரவைக்க வாட்ஸ்அப்பை மிஞ்ச எதுவும் இல்லை. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான தயார் பதில்கள், வாடிக்கையாளர்களை வகைப்படுத்தும் லேபிள்கள் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதன் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பில் போடும்போதே "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா தகவல் வரும்" என்று கேட்டுக்கொள்வது இதனால்தான் முக்கியம். கேட்காமல் குழுவில் சேர்ப்பது எரிச்சலைத்தான் தரும். எண்ணை முடக்கும் அளவுக்கும் போகலாம்.

புதியவர் கண்ணில் படுவதற்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் ஏற்றவை. தேடி வருகிறவருக்கு யூடியூபின் நீண்ட வீடியோ. மூன்று வருடத்துக்கு முன் போட்ட "கிரைண்டரில் கல் தேய்ந்தால் என்ன செய்வது" இன்றும் தேடலில் வரும். நடுத்தர வயதினரையும் ஊர்க் குழுக்களையும் பேஸ்புக்கில் பார்க்கலாம். நிறுவனங்களுக்கு விற்பவர்களும் ஆள் எடுப்பவர்களும் லிங்க்ட்இன்னுக்குப் போகலாம். 2023 ஜூலையில் எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் பொருள் விற்பது அரிது. ஆனால் நிருபர்களும் அதிகாரிகளும் கோபமான வாடிக்கையாளர்களும் அங்கேதான் பேசுகிறார்கள். அதனால் அது மக்கள் தொடர்புக்கான தளம். உள்ளூர்க் கடைக்கு இவை எல்லாவற்றையும்விட முந்தியது கூகுள் மேப்ஸில் சரியான இடம், சரியான நேரம், மதிப்புரைகளுக்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் கடையை மேப்ஸ் "திறந்திருக்கிறது" என்று காட்டினால், அலைந்து திரும்பியவர் போடும் ஒற்றை நட்சத்திரம் வருடக்கணக்கில் நிற்கும்.

எந்தத் தளமும் நிரந்தரம் அல்ல. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை. ஆர்டர் முழுவதையும் வாட்ஸ்அப்பில் எடுத்த கடைகளுக்கு அன்று இரவு வியாபாரம் இல்லை. ஆகவே ஒப்புதல் பெற்றுச் சேகரித்த வாடிக்கையாளர் எண்களின் பட்டியல் ஒன்று, எந்தத் தளத்தையும் சாராமல், நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2023-ன் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்த ஒப்புதலையே வலியுறுத்துகிறது.

என்ன சொல்வது

பதிவுகளுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் "ஒரு நாளைக்கு எதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?" என்று கேட்டால் ஆறு மாதத்துக்கான பதிவுகள் கிடைத்துவிடும். இது சாயம் போகுமா, மாப்பிள்ளை வேட்டிக்கு எத்தனை முழம், மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா, பார்சல் சிங்கப்பூருக்குப் போகுமா. இவை ஒவ்வொன்றும் ஒரு நிமிட வீடியோ.

விலையை மறைப்பது தமிழ்நாட்டு இணையக் கடைகளின் பரவலான பழக்கம். படத்தின் கீழ் நாற்பது பேர் "விலை?" என்று கேட்க, நாற்பது பேருக்கும் "இன்பாக்ஸில் பாருங்கள்" என்று பதில் போகிறது. போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயமும், கமென்ட் கூடினால் பதிவு அதிகம் பரவும் என்ற கணக்கும் இதற்குக் காரணம். போட்டியாளர் எப்படியும் தெரிந்துகொள்வார். தெரியாமல் போவது வாங்க நினைத்தவருக்குத்தான். விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே கூச்சப்படுகிற ஒரு பெரிய கூட்டம் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறது. விலை ஆளுக்கு ஆள் மாறும் வேலையாக இருந்தால், குறைந்தபட்சம் "ரூ.1,800 முதல்" என்று தொடக்க விலையாவது எழுத வேண்டும்.

ஒரே வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்வதன் பலனுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் நல்ல சான்று. 2018-ல் தொடங்கிய அந்த யூடியூப் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. திறந்தவெளி, பெரிய பாத்திரம், அதே ஆட்கள், பெரியவர் ஒருவரின் உற்சாகக் குரல், கடைசியில் ஊராருக்குச் சாப்பாடு. வீடியோவுக்கு வீடியோ மாறியது சமையல் மட்டும்தான். மொழி தெரியாதவரும் பார்க்க முடிகிற அளவுக்குப் பேச்சு குறைவு. இதையே பழைய ஊடகத்தில் அமுல் செய்து காட்டியிருக்கிறது: 1960-களில் விளம்பரப் பலகைகளில் வந்த அந்தச் சிறுமி, நாட்டு நடப்பைப் பற்றிய ஒரு வரியோடு, இன்று அதே உருவத்தில் சமூக ஊடகத்திலும் வருகிறாள். மாதத்துக்கு ஒரு தோற்றம் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் பக்கங்கள் யார் மனதிலும் பதிவதில்லை.

நாட்டு நடப்போடு சேர்ந்து பேசுவதில் வேகம் முக்கியம் என்பார்கள். 2013 பிப்ரவரி 3-ல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே நியூ ஆர்லியன்ஸ் மைதானத்தில் 34 நிமிடம் மின்சாரம் போனது. இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் முக்கலாம் என்ற பொருளில் ஓரியோ அப்போதே ஒரு படம் வெளியிட்டது. அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எழுதுகிறவர், வரைகிறவர், ஒப்புதல் தருகிற அதிகாரி ஆகிய எல்லாரும் அன்று பணியில் கூடியிருந்ததால்தான் அது முடிந்தது. மூன்று மேலாளர்களின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிறுவனம் இதைப் பின்பற்ற முயன்றால், எல்லாரும் மறந்த நகைச்சுவையை மூன்றாம் நாள் வெளியிடும். அதற்கு ஆண்டு நாட்காட்டியே போதுமானது: தைப் பொங்கல், பங்குனி முதல் முகூர்த்தங்கள், ஜூனில் பள்ளி திறப்பு, ஆடித் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி. ஆடித் தள்ளுபடியின் முதல் பதிவு ஆனியின் நடுவிலேயே வர வேண்டும். மரணச் செய்தியை, விபத்தை, வெள்ளத்தை விற்பனைப் பதிவாக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சிலர் செய்கிறார்கள்.

பதில் சொல்லும் வேலை

ஒரு பக்கத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைப் பதிவுக்கும் மீதியைப் பதிலுக்கும் ஒதுக்க வேண்டும். நடைமுறையில் பதிலுக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. மக்கள் தொடர்பு முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி பல நாள் மூடப்பட்டபோது, டச்சு விமான நிறுவனமான கேஎல்எம்மின் தொலைபேசி இணைப்புகள் திணறின. பயணிகள் பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் கேட்கத் தொடங்கினார்கள். நிறுவனம் கையில் கிடைத்த ஊழியர்களை உட்காரவைத்துப் பதில் சொன்னது. நெருக்கடி முடிந்த பிறகும் அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல், இரவும் பகலும் இயங்கும் தனிக் குழுவாக்கியது. இதற்கு எதிர்த் திசையில் போனது யுனைடெட் ஏர்லைன்ஸ். 2008-ல் டேவ் கேரல் என்ற கனடா நாட்டு இசைக்கலைஞரின் கிட்டார் அதன் சரக்குக் கையாளலில் உடைந்தது. பழுது பார்த்த செலவு சுமார் 1,200 டாலர். மாதக்கணக்கில் அலைந்தும் இழப்பீடு மறுக்கப்பட்டதால், 2009 ஜூலையில் அவர் அதைப் பாட்டாக்கி யூடியூபில் போட்டார். பல லட்சம் பேர் பார்த்த பிறகு நிறுவனம் 3,000 டாலரை ஒரு இசைக் கல்வி நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. முதலில் மறுத்த தொகையைவிட இது அதிகம். கெட்ட பெயருக்கு விலையே இல்லை.

பதில் எழுதும் விதத்துக்குச் சில நடைமுறைகள் உண்டு. புகாரை அழிக்கக் கூடாது. அழிப்பதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், பிறகு அழித்ததே செய்தியாகும். கெட்ட வார்த்தை, சாதி வசை, பிறரின் தொலைபேசி எண் ஆகியவை மட்டுமே நீக்கத் தக்கவை. முதல் பதில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். பில் எண், முகவரி போன்றவற்றைத் தனிச்செய்தியில் கேட்கலாம். தீர்ந்ததும் மீண்டும் அதே இடத்தில் "மாற்றிக் கொடுத்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கடைசி வரிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டினால், அதைத் தொடர்ச்சியாகப் படிப்பவருக்கு நிறுவனத்தில் ஆளே இல்லை என்று தோன்றும். "சார், சாயம் போன புடவையை எந்தக் கிளைக்கும் கொண்டுவாங்க, பில் இல்லேன்னாலும் பரவாயில்லை" என்பது பதில். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிக் கேட்பவருக்கும் தூய தமிழில் கேட்பவருக்கும் அவரவர் நடைக்கு நெருங்கியே பதில் சொல்லலாம். மரியாதை மட்டும் எந்த நடையிலும் குறையக் கூடாது.

பணம் கொடுத்துப் பேசவைப்பது

இன்ஃப்ளுயன்சரைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தொடர்வோர் எண்ணிக்கையைவிடக் கமென்ட்களைப் படிப்பது பயன்தரும். வெறும் இதயக் குறிகளும் "சூப்பர்" என்ற சொல்லும் மட்டும் இருந்தால் அங்கே வாங்குகிறவர் இல்லை. தஞ்சாவூர்க் கடைக்குத் தஞ்சாவூர்ப் பார்வையாளர் 8,000 பேர் உள்ளவர், மாநிலம் முழுக்க 5 லட்சம் பேர் உள்ளவரைவிட உதவலாம்.

இதில் சட்டமும் இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-லும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லும், நுகர்வோர் விவகாரத் துறை 2023-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பணமோ இலவசப் பொருளோ தங்கும் வசதியோ பெற்றுச் செய்த பதிவை விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும் இடத்தில் குறிப்பிட வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது; பரிந்துரைத்தவருக்கும் தடை வரலாம். நீரிழிவு போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ன் சட்டமே தடை செய்கிறது. ஆனாலும் அப்படிப்பட்ட வீடியோக்கள் தினமும் வருகின்றன. பிடிபடும்வரை லாபம் என்ற அந்த வழி ஒரு நிறுவனம் எண்ணிப் பார்க்கத் தக்க உத்தியே அல்ல.

நெருக்கடி

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் டோமினோஸ் பீட்சா கடை ஒன்றின் ஊழியர்கள் இருவர், உணவை அருவருப்பாகக் கையாளும் வீடியோவை யூடியூபில் போட்டார்கள். பதில் சொன்னால் இன்னும் பரவும் என்று நிறுவனம் தொடக்கத்தில் தயங்கியது. சில நாட்களில் பார்வைகள் பத்து லட்சத்தைக் கடந்தன. அதன் பிறகே ட்விட்டர் கணக்கு தொடங்கப்பட்டு, நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் பேட்ரிக் டாயில் அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். அவர் பேசிய இடம் சரி, தாமதம் தவறு. அடுத்த குளிர்காலத்தில் அதே நிறுவனம், தன் பீட்சாவின் அடித்தட்டு அட்டை போல இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதையே விளம்பரத்தில் காட்டி, செய்முறையை மாற்றியதாக அறிவித்தது. புகாரையே விளம்பரமாக்கத் துணிந்த அந்த முயற்சி பலித்ததற்குக் காரணம், பீட்சாவை உண்மையிலேயே மாற்றியிருந்ததுதான்.

2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி விநியோக நிறுவனத்தை மாற்றியதில் கோழி வந்து சேராமல், சுமார் 900 கிளைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கோழி விற்கும் கடையில் கோழி இல்லை என்ற கேலியை நிறுவனம் எதிர்க்கவில்லை. காலிப் பெட்டியில் தன் பெயரின் எழுத்துகளையே வசைச்சொல் போல மாற்றிப் போட்டு நாளிதழில் மன்னிப்புக் கேட்டது. அந்தப் படம் சமூக ஊடகத்தில் பரவியது. ஆனால் இந்த நகைச்சுவையை உணவில் புழு இருந்த வழக்கில் செய்ய முடியாது. யாருக்கும் உடல் கெடவில்லை என்பதால்தான் அது அனுமதிக்கப்பட்டது.

நிறுவனம் தவற்றை ஏற்காத நிலை இன்னும் கடினம். 2015 ஜூன் 5-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நெஸ்லேயின் மேகி நூடுல்ஸை நிறுத்த உத்தரவிட்டது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் பொருள் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் மேகி இல்லாமல் தவிப்பவர்களைக் காட்டும் குறும்படங்களை நெஸ்லே வெளியிட்டது. திரும்பியபோது ஸ்னாப்டீல் தளத்தில் 60,000 பொதிகள் ஐந்து நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன.

சிறு நிறுவனத்துக்கு வேண்டியது ஒரு பக்கத் தாள்: பேசப்போவது யார், அவர் ஊரில் இல்லையென்றால் யார், முதல் மணி நேரத்தில் என்ன சொல்லலாம். தெரிந்ததையும், விசாரிப்பதையும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சொன்னால் போதும். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருக்கும் விளம்பரப் பதிவுகளை உடனே நிறுத்த வேண்டும். தீ விபத்துச் செய்திக்கு அடியில் "அதிரடி சலுகை" வந்து விழுவது அவற்றை நிறுத்த மறப்பதால்தான்.

செலவும் அளவும்

பதிவைப் பணம் கட்டிப் பரப்பும் பூஸ்ட் பொத்தான் எளிது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கான ஆட்ஸ் மேனேஜரில் நோக்கம், ஊர், வயது ஆகியவற்றை நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கலாம், விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப் திறக்கும்படியும் வைக்கலாம். கணக்கை லைக்கில் பார்க்காமல் வாங்கியவரில் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 6,000 ரூபாய் செலவில் ஒரு விளம்பரம் 48 விசாரணைகளையும் 8 விற்பனைகளையும் தந்தால் ஒரு வாடிக்கையாளரின் விலை 750 ரூபாய். அதே தொகையில், முதலாவதில் பாதி லைக் கூட வாங்காத இன்னொரு விளம்பரம் 15 பேரை வாங்கவைத்தால் விலை 400 ரூபாய். ஒரு விற்பனையின் லாபம் 500 ரூபாய் என்றால் முதலாவது நஷ்டம், வாங்கியவர் திரும்ப வந்தாலொழிய. இதற்கு மென்பொருள் வேண்டாம், "எங்களை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று பில் போடுகிறவர் கேட்டு ஒரு நோட்டில் குறித்தால் போதும். மக்கள் தொடர்புக்கு வேறு அளவுகள்: புகாருக்கு முதல் பதில் போக ஆன நேரம், அதே புகார் மறுபடி வருகிறதா, மதிப்புரைகளின் போக்கு.

கணக்கின் சாவி

2013 ஜனவரியில் பிரிட்டனின் இசைத்தட்டுக் கடைத் தொடரான ஹெச்எம்வி ஆட்குறைப்பு செய்தபோது, வேலை போனவர்களில் ஒருவர் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கிலிருந்தே அதை நேரலையாக எழுதினார். கணக்கை எப்படி மூடுவது என்று சந்தைப்படுத்தல் இயக்குநர் கேட்டதும் அந்த வரிகளில் ஒன்றாக வந்தது. பல இடங்களில் கணக்கு ஊழியரின் சொந்த எண்ணிலும் மின்னஞ்சலிலுமே திறக்கப்பட்டிருக்கிறது. அவர் விலகும்போது பக்கமும் போய்விடுகிறது. நிறுவனத்தின் பெயரிலான மின்னஞ்சல், நிறுவனத்தின் சிம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, குறைந்தது இரண்டு நிர்வாகிகள், விளம்பர முகமைக்கு முழு உரிமை தராமல் பதிவிடும் உரிமை மட்டும் ஆகியவற்றை முதல் நாளிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆள் மாறும் நாளில் கடவுச்சொல்லையும் மாற்றி, யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.